சரக்கோடு போன சாமி

1819 நவம்பரில் ஹவாயின் கைலுவா என்ற ஊரில் ஒரு விருந்து. பந்தியில் ஒருவர் இடம் மாறி உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு மதமே கவிழ்ந்துவிட்டது.

இடம் மாறியவர் ராஜா. பெயர் லிஹோலிஹோ. அவருடைய அப்பா கமேஹமேஹா தீவுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஒரே ராஜ்யமாக்கிவிட்டு அந்த மே மாதம்தான் கண்ணை மூடியிருந்தார். அந்த ராஜ்யத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. பன்றிக்கறி, வாழைப்பழம், தேங்காய் எதையும் பெண்கள் தொடக் கூடாது. மீறினால் தலை போகும். சமைப்பது ஆண்கள் வேலை என்றும் ஒரு ஷரத்து இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அதை மட்டுமாவது காப்பாற்றி வைத்திருக்கலாம்.

அப்பா போனதும் அரண்மனைப் பெண்கள் இருவர் இந்தச் சட்டத்தை ஒழித்தே தீர்வது என்று நின்றார்கள். ஒருவர் ராஜாவைப் பெற்ற கேயோபுவோலானி. இன்னொருவர் அப்பாவின் செல்ல மனைவி காஹுமானு. செத்துப்போன கணவன் ஆட்சியில் தனக்கும் பங்கு கொடுத்துவிட்டுப் போனதாக அறிவித்து, அவருடைய இறகு அங்கியையே போர்த்திக்கொண்டு சபைக்கு வந்தவர். பையனுக்கு உதறல் எடுத்தது. படகேறிக் கடலுக்குள் போய்க் கூட்டாளிகளோடு இரண்டு நாள் குடித்தார். கப்பல்காரர்கள் கொண்டுவந்து பழக்கிய சரக்கு. அந்தத் தைரியத்தில் கரையேறி, பந்தியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பெண்கள் பக்கம் உட்கார்ந்து வாரி வாரித் தின்றார். கூடியிருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். சாமிகள் தரப்பிலிருந்து ஒரு தும்மல்கூட வரவில்லை.

சாப்பாட்டுச் சட்டம் போனால் கோயில் எதற்கு? இடித்துத் தள்ளு, சிலைகளைக் கொளுத்து என்று உத்தரவு. முன்னால் நின்று தீ வைத்தவர் ஹேவாஹேவா. அவர்தான் தலைமைப் பூசாரி. ராஜாவின் பங்காளி ஒருவர் போர்ச்சாமி கூவின் பேரைச் சொல்லிப் படை திரட்டினார். டிசம்பரில் தோற்றுச் செத்தார். இதில் பரிதாபப்பட வேண்டியவர்கள் பாஸ்டன் பாதிரியார்கள். விக்கிரகங்களோடு மல்லுக்கட்டத் தயாராகி, 1819 அக்டோபரிலேயே கப்பலேறி, ஐந்து மாதம் கடலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்து இறங்கினால், எதிரி வீடு காலி. சாம்பல்கூட ஆறிவிட்டிருந்தது.

ஹவாயும் சேர்ந்த பாலினீசியா என்ற பசிபிக் தீவுக்கூட்டத்தில், மற்றத் தீவுகளில் இந்த வேலையைப் பாதிரியார்களே முன்னின்று செய்தார்கள். எரித்தது போக மிச்சத்தை மூட்டை கட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள், வெற்றிக் கோப்பையாக. ருருட்டு தீவுக்காரர்கள் 1821இல் தங்கள் சாமி ‘ஆஆ’வைத் தூக்கி வந்து பாதிரியார்களிடம் ஒப்படைத்தார்கள். உடம்பெல்லாம் முப்பது குட்டிச் சாமிகள் ஒட்டிக்கொண்டிருக்கும் மரச்சிலை அது. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பிற்பாடு பிகாசோ அதன் வார்ப்பு நகல் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார். வரவேற்பறையில் பாலினீசியச் சாமியை நிறுத்தும் ஆசை எந்த மாதிரி ஆட்களுக்கு வரும் என்பதற்கு இது முதல் சாட்சி.

இல்லை, இரண்டாவது. முதல் சாட்சி பால் கோகன்.

பாரிஸில் பங்குச்சந்தைக்காரராக இருந்து, பெண்டாட்டி பிள்ளைகளைக் கைவிட்டு ஓவியரான கோகன், ஆதிமனிதர்களையும் அவர்களுடைய சாமிகளையும் தேடிக்கொண்டு 1891இல் தஹிட்டியில் இறங்கினார். அங்கே சர்ச்சும், தகரக் கூரையும், கழுத்துவரை மூடிய அங்கி போட்ட பெண்களும் இருந்தார்கள். சாமி ஒன்றுகூட இல்லை. வந்த சில நாளில் கடைசி ராஜாவும் செத்துப்போனார். வேறொருவராக இருந்தால் அடுத்த கப்பலைப் பிடித்திருப்பார். கோகன் உளியை எடுத்தார். பார்க்காத சாமிகளைத் தானே செதுக்கினார். மாதிரிக்கு என்ன செய்தார்? ஜாவாவின் போரோபுதூர் புடைப்புச் சிற்பங்களின் புகைப்படங்கள் கைவசம் இருந்தன. புத்தரின் அங்க அசைவுகளைத் தஹிட்டிச் சாமிகளுக்கு மாட்டிவிட்டார். பின்னாளில் பாலினீசியச் சாமிகளை ‘டீக்கி’ என்ற பெயரில் செதுக்கும் ஒவ்வொரு கலிஃபோர்னியச் சிற்பியும் செய்யப்போகும் தொழில்நுட்பம் இதுதான்: எங்கிருந்தோ ஒரு மூக்கு, எங்கிருந்தோ ஒரு முழங்கால்.

1901இல் அவர் மார்கெசாஸ் தீவுகளில் ஹிவா ஓவாவுக்குப் போனார். வீடு கட்ட நிலம் வேண்டும். நிலமோ பிஷப் மார்ட்டினிடம். கோகன் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனார். பத்திரம் கைக்கு வந்ததும் நின்றுவிட்டார். கட்டிய வீட்டுக்கு ‘இன்ப இல்லம்’ என்று பெயர் வைத்து, வாசல் நிலையைச் சுற்றிச் சிற்பப் பலகைகள் பதித்தார். பலகைகள் செக்வோயா மரம், அதாவது கலிஃபோர்னியச் சரக்கு. மாடி ஜன்னலுக்குக் கீழே கிணறு. புட்டிகளைக் கிணற்றில் குளிர வைத்து, தூண்டில் கம்பால் மேலே இழுத்துக்கொள்ளும் வசதி. பிஷப் கண்டித்தபோது, கொம்பு முளைத்த காமாந்தகப் பாதிரியாக ஒரு மரச்சிலை செதுக்கி வாசலில் நிறுத்தினார். மரம் அந்த ஊரில் மிரோ எனப்படுவது, நம்மூர் பூவரசேதான். அந்தப் பூவரசுப் பாதிரி இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் நிற்கிறார்.

கோகனை ரசிக்க அவருடைய சிலைகள் போதும், ஆள் வேண்டாம். பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுமிகளை ‘மனைவி’ என்று வைத்துக்கொண்ட மனிதர் அவர். ஆனால் பட்டியலைப் பாருங்கள்: மூங்கில் வீடு, செதுக்கிய சாமி, குளிர்ந்த புட்டி, அக்கம்பக்கத்தாரின் புகார். உலகத்தின் முதல் வீட்டு டீக்கி பாருக்குத் திறப்பு விழா நடந்தாயிற்று. அவர் 1903இல் செத்ததும், பிஷப்பின் கத்தோலிக்க மயானத்திலேயே புதைத்தார்கள்.

இனி அமெரிக்கா. பதின்மூன்று வருஷ மதுவிலக்கு 1933 டிசம்பர் 5ஆம் தேதி முடிந்தது. விஸ்கியை உடனே கொண்டுவர முடியாது, அது பீப்பாயில் ஊற வேண்டும். கரீபியத் தீவுகளில் ரம் மலிவாகக் குவிந்து கிடந்தது. இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர் எர்னஸ்ட் கான்ட். மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சரக்குத் தொழிலிலும் கைவைத்தவர். தென்கடல் தீவுகளைச் சுற்றியதாகச் சொல்லிக்கொண்டவர். ஹாலிவுட்டில் ஒரு சின்ன இடம் பிடித்து, மூங்கில், மீன்வலை, உடைந்த படகுத் துண்டு என்று கையில் கிடைத்ததையெல்லாம் மாட்டி, ‘டான் தி பீச்கோம்பர்’ என்ற பெயரால் புகழ்பெற்றார். பெயர் ஓடியதும் தன் பெயரையே சட்டப்படி டான் பீச் என்று மாற்றிக்கொண்டார்.

இந்தக் கடையில் பாலினீசியா எங்கே இருந்தது என்று தேடிப் பார்ப்போம். ரம் கரீபியன். சாப்பாடு கான்டன் பாணிச் சீனம். கலக்கிக் கொடுத்தவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள். முதலாளி அமெரிக்கத் தெற்கு. வாடிக்கையாளர் ஹாலிவுட் நட்சத்திரங்கள். பாலினீசியர்களோ ஐரோப்பியர் வரும்வரை சாராயமே அறியாதவர்கள். அவர்கள் குடித்தது காவா வேரை நசுக்கிப் பிழிந்த மண்நிறத் தண்ணீர், போதையைவிடப் பொறுமையைத்தான் அதிகம் தரும். ஆக, சுவரில் மாட்டிய சாமி ஒருவர்தான் பாலினீசியர். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

டான் பீச் வியாபாரி. மழை வந்தால் ஆள் வெளியே போகாமல் இன்னொரு கிளாஸ் சொல்வான் என்று கண்டுகொண்டார். லாஸ் ஏஞ்சல்ஸில் மழை அபூர்வம். அதனால் தகரக் கூரைமேல் தோட்டத்துக் குழாயைத் திருப்பிவிட்டு மழையைத் தயாரித்தார். ‘ஸோம்பி’ என்று ஒரு பானம் செய்தார். பல வகை ரம், அதில் ஒன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும் ரகம். ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது என்று போர்டு வைத்தார். அந்தப் போர்டைவிடச் சிறந்த விளம்பரத்தை இன்றுவரை யாரும் எழுதவில்லை. ரெசிபி வெளியே போகாமலிருக்கப் புட்டிகளில் ‘டானின் கலவை’, ‘மசாலா 4’ என்று சங்கேதப் பெயர்கள் ஒட்டினார். கலக்குகிறவனுக்கே தான் எதைக் கலக்குகிறோம் என்று தெரியாது.

ஓக்லண்டில் விக்டர் பெர்ஜரான் என்று ஒருவர். அப்பாவின் மளிகைக் கடைக்கு எதிரே 1934இல் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார். டானின் கடைக்குப் போய் உட்கார்ந்து நன்றாகக் குடித்து, நன்றாகப் பார்த்து, ஊர் திரும்பித் தன் கடைச் சுவரிலும் மூங்கிலை அறைந்து ‘டிரேடர் விக்’ ஆகிவிட்டார். இவரிடம் டானிடம் இல்லாத ஒரு சொத்து இருந்தது: மரக்கால். ஆறு வயதில் எலும்புக் காசநோயால் ஒரு கால் போனது. வாடிக்கையாளரிடம் சுறா கடித்ததாகச் சொல்வார். பேச்சு சுவாரஸ்யம் குறைந்தால் ஐஸ் குத்தும் ஊசியை எடுத்து அந்தக் காலில் ஒரே குத்து. பெண்கள் அலறுவார்கள். இன்னொரு ரவுண்டு விற்கும். அந்தக் கடையில் செதுக்கிய மரங்களிலேயே அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது அந்தக் கால்தான்.

1944இல் விக் செய்த ‘மாய் டாய்’ பற்றி இருவருக்கும் வாழ்நாள் சண்டை. ரம், எலுமிச்சை, ஆரஞ்சு மது, பாதாம் சர்பத். இதற்காகவா என்று கேட்காதீர்கள், ராஜ்யங்கள் இதைவிட அற்பமானவற்றுக்கெல்லாம் கவிழ்ந்ததை இப்போதுதானே பார்த்தோம். 1953இல் ஒரு கப்பல் கம்பெனியின் ஹோட்டல்களுக்காக விக் அதை ஹவாய்க்கே கொண்டுபோனார். இன்று ஹவாய் போகிறவர்கள் அதை ஆதிவாசிப் பானம் என்று பக்தியோடு குடிக்கிறார்கள். டானும் ஹவாய் போய்ச் சேர்ந்தார், வேறு வழியில்லாமல். விவாகரத்தில் முன்னாள் மனைவி சன்னி சண்ட் அமெரிக்க மண்ணில் இருந்த கடைகளையும் பெயரையும் எடுத்துக்கொண்டார். ஹவாய் அப்போது மாநிலம் இல்லை, வெறும் பிரதேசம். அதனால் ஒப்பந்தத்துக்கு வெளியே. வைகிகியில் ஆலமரத்தின்மேல் அலுவலகம் கட்டி உட்கார்ந்துகொண்டார் மனிதர்.

இதற்குள் இரண்டாம் உலகப் போர் வந்து போனது. பசிபிக்கில் சேற்றிலும் மலேரியாவிலும் கிடந்த சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். சேறு மறந்து கடற்கரை மட்டும் ஞாபகத்தில் நின்றது. ஜேம்ஸ் மிச்னரின் தென்பசிபிக் கதைகள் 1947இல் வந்து, 1949இல் பிராட்வே இசை நாடகமானது. அதே 1947இல் தோர் ஹெயர்டால் என்ற நார்வேக்காரர் பால்சா மரத் தெப்பத்தில் ஐந்து பேரோடு பெருவிலிருந்து கிளம்பி, 101 நாள் மிதந்து, ரரோயாவின் பவளப்பாறையில் முட்டினார். பாலினீசியாவில் முதலில் குடியேறியது தென்னமெரிக்கர்கள் என்று நிரூபிக்கப் போனாராம். அது தவறு; அவர்கள் மேற்கேயிருந்து வந்தவர்கள். தெப்பம் மிதக்கும் என்பது மட்டும் நிரூபணமானது. ஆனால் தெப்பத்தின் பெயர் கோன்-டீக்கி. புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது, படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது, டீக்கி என்ற சொல் ஊரெல்லாம் பரவியது.

மாவோரிகளுக்கு டீக்கி முதல் மனிதன். மார்கெசாஸில் மனிதர்களைப் படைத்தவர். ஹவாயில் இந்த உருவங்களுக்குப் பெயரே வேறு, கிஇ. கலிஃபோர்னியாவில் எல்லாம் ஒன்றுதான். ஈஸ்டர் தீவின் கல்முகங்களையும் அதே மூட்டையில் கட்டிவிட்டார்கள். 1959இல் ஹவாய் ஐம்பதாவது மாநிலமானதும் பைத்தியம் முற்றியது. ஓட்டல், மோட்டல், அடுக்குமாடி வாசல், பந்து உருட்டும் கூடம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு முறைப்புச் சாமி. டிஸ்னிலாந்து 1963இல் பாடும் இயந்திரக் கிளிகளோடு டீக்கி மண்டபமே திறந்தது. வேலைக்குப் போய்வந்து புல் வெட்டும் புறநகர்க் குடும்பத் தலைவரும் நிலவறையில் மூங்கிலை அடித்துவிட்டுக் கோகன் ஆனார்.

அவர் வாங்கிய தட்டுமுட்டுகள் இன்றும் மாறவில்லை. ஜப்பானிய மீன்வலையிலிருந்து அறுந்து பசிபிக்கைக் கடந்து வந்த கண்ணாடி மிதவைகள். உப்பவைத்துக் காயப்போட்டு வயிற்றுக்குள் பல்பு செருகிய பேத்தை மீன். பாய், ஓலை, சங்கு. ஜன்னல் இருந்தால் அடைத்துவிட வேண்டும். வெயில் பட்டால் தீவு ஓடிப்போய்விடும். பாட்டுக்கு மார்ட்டின் டென்னியின் ‘எக்ஸாட்டிகா’. ஹோனலுலு ஹோட்டலில் டென்னி குழு வாசிக்கும்போது பக்கத்துக் குளத்துத் தவளைகள் சேர்ந்து கத்தின, குழுவினர் விளையாட்டாகப் பறவைக் குரல் கொடுத்தார்கள், மறுநாள் ஒரு வாடிக்கையாளர் ‘அந்தத் தவளைப் பாட்டு’ வேண்டும் என்று கேட்டார். இசை வரலாற்றில் தவளையால் பிறந்த ஒரே பிரிவு இதுவாகத்தான் இருக்கும்.

சாமியை மட்டும் கடையில் வாங்கக் கூடாது, தானே செதுக்க வேண்டும் என்பது தீவிர பக்தர்களின் விரதம். கடையில் வாங்க நினைத்தவர்களுக்கு விட்டியர் நகரில் ‘ஓஷியானிக் ஆர்ட்ஸ்’ இருந்தது. 1956 முதல் 2021 வரை சாமி சப்ளை செய்தது. செதுக்குகிறவர்களுக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களே காடு. அங்கே விளக்குக் கம்பம் உயரத்துக்கு நிற்கும் மெக்சிகோ விசிறிப் பனையை வெட்டினால், எடுத்துப் போகிறவருக்கு இலவசம். எடுத்துப் போவதுதான் கஷ்டம். பச்சைப் பனந்துண்டு தண்ணீரைக் குடித்து உருளைப் பாறை மாதிரி கனக்கும்.

தொல்காப்பியர் கணக்கில் அது மரமே அல்ல, புல். வெளியே வைரம், உள்ளே சோறு. தாவரவியலும் அவர் பக்கம்தான். செதுக்கும்போது இது நன்றாக விளங்கும்: ஆண்டு வளையம் கிடையாது, வெறும் நார். மேல்பகுதி உளியின் வாயை மழுக்கும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மூக்கு நின்ற இடத்தில் பஞ்சு வரும். அதனால் பனையில் செதுக்குகிறவர்கள் வெட்டுகளைப் பெரிதாக, பட்டையாக, நிழல் விழும்படி போடுவார்கள். நுணுக்கம் காட்ட நினைத்தால் சாமிக்குக் குஷ்டம்.

முதலில் நடுக்கோடு. பிறகு தலைக்கு மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ. பாலினீசியச் சிற்பிகள் தலையைப் பெரிதாக்கியது கணக்குத் தவறியல்ல, மானா என்ற சக்தி குடியிருப்பது தலையில். முட்டி மடங்க வேண்டும். மார்கெசாஸ் பாணி என்றால் கண்ணாடி போட்டதுபோல் வட்டக் கண்கள், கைகள் வயிற்றின்மேல். ஹவாயின் கூ என்றால் எட்டு எண்ணைப் படுக்கப் போட்ட வாய், உன்னைத் தெரியாதா என்ற முறைப்பு. சங்கிலி ரம்பத்தால் பெரிய துண்டுகளைத் தள்ளிவிட்டு, வளைவாய் உளியும் கொட்டாப்புளியும் எடுத்துக்கொள்ளலாம். பழையவர்கள் இதையெல்லாம் கல்வாய்ச்சியால் செய்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் கை வலி குறையும். கோயில் கூவுக்கு ஓஹியா மரம் வெட்டும்போது அங்கே நரபலி கொடுத்தார்கள். கேரேஜில் பெரும்பாலும் இடது கைப் பெருவிரல் நகத்தோடு முடிந்துவிடுகிறது.

செதுக்கியதைக் காஸ் டார்ச்சால் கருக்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் நார் புடைத்து நூறு வருஷம் பழையதாகத் தெரியும். பிறகு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். பக்கத்தில் ஓலைக்கூரை வேறு. சிலை ஈரத்தோடு வீட்டுக்குள் போனால் வெடிப்பும் பூஞ்சணமும் வரும், கூடவே ஒரு வாசனை. அந்த வாசனைக்குப் பிறகு சாமி தோட்டத்துக்குப் போவதா அல்லது சிற்பியும் சேர்ந்தே போவதா என்பது வீட்டுக்காரம்மாவின் முடிவு.

எழுபதுகளில் எல்லாம் படுத்துவிட்டது. வியட்நாமைத் தொலைக்காட்சியில் பார்த்த பிள்ளைகளுக்கு, அப்பாவின் ஓலைக் குடிசையில் உட்கார்ந்து குடைசெருகிய கிளாஸை உறிஞ்சப் பிடிக்கவில்லை. 1988இல் நியூயார்க் பிளாசா ஹோட்டலை வாங்கிய டொனால்ட் டிரம்ப், அங்கிருந்த டிரேடர் விக் கடை மலிவுப் பகட்டாக இருக்கிறது என்று மூடச் சொன்னார். ரசனை பற்றி அவரிடமே திட்டு வாங்குவதற்கு ஒரு கடை எவ்வளவு உழைத்திருக்க வேண்டும்! ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் 1961இல் கட்டிய கஹிக்கி, கப்பலைக் கவிழ்த்தது போன்ற கூரையும், வாசலில் தலையில் தீ எரியும் இரண்டு ஈஸ்டர் தீவுக் கல்முகங்களுமாகத் தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் வரை இடம்பிடித்தது. 2000இல் இடித்து மருந்துக்கடை கட்டினார்கள்.

அதே 2000இல் ஸ்வென் கிர்ஸ்டன் என்ற ஜெர்மன்காரர், இடிபாடுகளைத் தொல்லியலாளர் பாவனையில் தோண்டி டீக்கி பற்றி ஒரு புத்தகம் போட, கேரேஜ்களில் மறுபடி உளிச் சத்தம். ஜெஃப் பெர்ரி என்பவர் டான் பீச்சின் பழைய பணியாளர்களைத் தேடித் தேடிப் போய், ஸோம்பியின் சங்கேதத்தை உடைத்தார். எழுபது வருஷமாகக் காவல் காத்த ‘மசாலா 4’ என்ன தெரியுமா? பட்டை. பட்டை போட்ட சர்க்கரைப் பாகு. பிரியாணி செய்யும் எந்த வீட்டிலும் கேட்டிருந்தால் மோந்து பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

இந்தக் கூத்தில் ஹவாய்க்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்க ஆள் வந்தது ரொம்பத் தாமதம். பாட்டன் சாமி காகிதக் குடையோடு கோப்பையாக வருவதைச் சிலர் சகித்துக்கொள்கிறார்கள். பலர் கசப்போடு எழுதுகிறார்கள். கோயிலில் நின்ற பெரிய கூ சிலைகளில் 1819இன் தீக்குத் தப்பியவை மூன்றே மூன்று. ஒன்று ஹோனலுலு பிஷப் மியூசியத்தில், ஒன்று லண்டனில், ஒன்று அமெரிக்காவின் சேலத்தில் (மாசசூசெட்ஸ் சேலம், மாம்பழம் கிடையாது). 2010இல் மூவரையும் ஹோனலுலுவில் ஒரே கூரையின்கீழ் நிறுத்தினார்கள். ஏறக்குறைய இருநூறு வருஷத்துக்குப் பிறகு நடந்த சந்திப்பு. ஊரே திரண்டு வந்தது, பாடினார்கள், அழுதார்கள். கண்காட்சி முடிந்ததும் லண்டன்காரரை லண்டனுக்கும் சேலத்துக்காரரைச் சேலத்துக்கும் பெட்டியில் அடைத்துத் திருப்பி அனுப்பினார்கள். இரவல் வாங்கிய பொருளாயிற்றே.